பத்திரிகைக்கு எதற்கு எஸ்எம்எஸ் அனுமதி?

முகூர்த்த மாதம் பிறந்துவிட்டால் கோலா கெடாவிலிருந்து கூலிம் வரை எந்தக் குடும்ப வாட்ஸ்அப் குழுவைத் திறந்தாலும் கல்யாணப் பத்திரிகைதான். படமாக வரும், காணொளியாக வரும், நாதஸ்வர இசையோடும் வரும். வீடு தேடி வந்து தாம்பூலம் வைத்து அழைத்த காலம் போய்விட்டதே என்று குறைபட்டுக்கொண்டே பெரியவர்கள் அதையும் பார்த்துவிடுவார்கள். சில ஆண்டுகளாக இன்னொரு வகைப் பத்திரிகையும் வருகிறது. தெரிந்தவர் எண்ணிலிருந்தே வருகிறது. அவசியம் வரவேண்டும், விவரம் உள்ளே என்கிற தோரணையில் இரண்டு வரி, கீழே ஒரு கோப்பு. கோப்பின் பெயர் ஏ, பி, கே என்ற மூன்று ஆங்கில எழுத்துகளில் முடிகிறது.

2025 ஜனவரியில் கேஸ்பர்ஸ்கி என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனம் இந்தப் பத்திரிகையைப் பிரித்து உள்ளே இருப்பதை வெளியிட்டது. மலேசியாவையும் புருணையையும் குறிவைத்து 2024ஆம் ஆண்டின் நடுவிலிருந்து பரவிவரும் திருட்டுச் செயலி அது. அதற்கு அவர்கள் வைத்த பெயர் திரியா. நிறுவியவுடன் கைப்பேசியின் செட்டிங்ஸ் போலப் பல்சக்கரப் படம் ஒன்றை மாட்டிக்கொண்டு சாதுவாக உட்கார்ந்துவிடும். அதன் பிறகு வருகிற எஸ்எம்எஸ், அழைப்பு விவரம், வாட்ஸ்அப், ஜிமெயில் செய்திகள் எல்லாவற்றையும் டெலிகிராம் வழியாகத் தன் முதலாளிக்கு அனுப்பிக்கொண்டிருக்கும்.

அந்த முதலாளிக்கு நம் வீட்டுக் கதை எதுவும் தேவையில்லை. அவன் தன் கைப்பேசியில் வாட்ஸ்அப்பை நிறுவி, உங்கள் எண்ணைத் தட்டுகிறான். வாட்ஸ்அப் ஆறு இலக்க எண் ஒன்றை உங்களுக்கு எஸ்எம்எஸ்ஸில் அனுப்புகிறது. நீங்கள் பார்க்கும் முன்பே அது அவன் கைக்குப் போய்விடுகிறது. அடுத்த நிமிடம் உங்கள் பெயரிலும் உங்கள் படத்தோடும் உங்கள் மாமா, மைத்துனர், பழைய வேலையிடத்து நண்பர் எல்லாரிடமும் அவசரமாகக் கைமாற்றுப் பணம் கேட்கிறான். அடுத்த பத்திரிகையும் உங்கள் எண்ணிலிருந்தே போகலாம். தெரிந்தவரிடமிருந்து வந்தது, திறந்தால் என்ன என்ற நம் கணக்கு தப்பாவது இங்கேதான்.

ஏபிகே என்றால் என்ன? ஆண்ட்ராய்டு கைப்பேசியில் ஒரு செயலியை நிறுவுவதற்கான மூட்டை, அவ்வளவுதான். பிளே ஸ்டோரிலிருந்து நாம் இறக்கும் செயலிகளும் அடிப்படையில் இப்படிப்பட்ட மூட்டைகளே. அங்கே கூகுள் ஓரளவு சோதித்து வைத்திருக்கும். வாட்ஸ்அப் வழியாக வரும் மூட்டையை யாரும் சோதித்திருக்க மாட்டார்கள். படம் என்றால் ஜேபிஜி, பிஎன்ஜி என்று முடியும். காணொளி எம்பி4 என்று முடியும். அச்சிட்ட தாள் போன்றது பிடிஎஃப். ஏபிகே என்று முடிந்தால் அது பார்ப்பதற்கான பொருளே அல்ல, உள்ளே குடிவருவதற்கான பொருள். ஐபோன்காரர்களிடம் இந்த மூட்டை பலிக்காது. அதற்காக அவர்கள் நிம்மதியாகத் தூங்கிவிட வேண்டாம். இன்னும் சில பத்திகளில் அவர்களுக்கும் வேலை இருக்கிறது.

ஆண்ட்ராய்டைக் குறை சொல்வதும் நியாயம் இல்லை. அதன் அமைப்பில் ஒவ்வொரு செயலியும் தனித்தனி அறையில் அடைபட்டே இயங்குகிறது. வங்கிச் செயலி வைத்திருப்பதை விளையாட்டுச் செயலியால் எட்டிப் பார்க்க முடியாது. அறைக்கு வெளியே இருக்கும் பொதுச் சொத்துகளை, அதாவது எஸ்எம்எஸ், தொடர்புப் பட்டியல், கேமரா, மைக் போன்றவற்றைத் தொட வேண்டுமானால் உரிமையாளரிடம் அனுமதி கேட்டாக வேண்டும். திருடனால் வங்கிச் செயலியின் சுவரை இடிக்க முடியவில்லை. அதனால் எஸ்எம்எஸ்ஸுக்கு அனுமதி கேட்கிறான். 2017இல் வெளிவந்த ஆண்ட்ராய்டு 8இலிருந்து இன்னொரு கேள்வியும் சேர்ந்திருக்கிறது: இந்த வாட்ஸ்அப் வழியாகச் செயலி நிறுவ அனுமதிக்கலாமா? ஆக, பத்திரிகை வந்த நேரத்திலிருந்து வீடு பறிபோகும் நேரம் வரை கைப்பேசி நம்மை இரண்டு மூன்று முறை நிறுத்திக் கேட்கிறது. நாம்தான் ஓகே, ஓகே என்று தட்டிக்கொண்டே போகிறோம். இதில் நம்மை மட்டும் திட்டிக்கொள்ளவும் வேண்டாம். பத்து வருடமாக எல்லாச் செயலியும் எதற்கெடுத்தாலும் அனுமதி கேட்டுக் கேட்டு, படிக்காமல் தட்டுவதை நம் விரலுக்குப் பழக்கிவிட்டன. டார்ச் விளக்குச் செயலி தொடர்புப் பட்டியலைக் கேட்ட காலமும் உண்டு.

கேட்கப்படும் அனுமதிகளில் மிக ஆபத்தானது ஆக்சசிபிலிட்டி. பார்வையற்றவர்களுக்குத் திரையைப் படித்துக் காட்டவும், கை நடுங்குபவர்களுக்குப் பதிலாகப் பொத்தானை அழுத்தவும் உருவான நல்ல வசதி அது. திரையைப் படிக்கவும் பொத்தானை அழுத்தவும் தெரிந்த ஒன்றிடம் கைப்பேசியைக் கொடுத்துவிட்டால் மிச்சம் என்ன இருக்கிறது?

தெரிந்தவர் பெயரில் கோப்பு அனுப்பும் இந்தத் தந்திரம் புதிதும் அல்ல. 2000ஆம் ஆண்டு மே 4 அன்று உலகமெங்கும் மின்னஞ்சலில் ஒரு காதல் கடிதம் வந்தது. தலைப்பில் ஐ லவ் யூ என்று இருந்தது. இணைப்பின் பெயர் டிஎக்ஸ்டி என்று முடிவதுபோல், சாதாரண எழுத்துக் கோப்பாகத் தெரிந்தது. உண்மையில் அதற்குப் பின்னால் விபிஎஸ் என்று இன்னொரு வால் இருந்தது. விண்டோஸ் அந்தக் கடைசி வாலைக் காட்டாமல் மறைத்துவைப்பது வழக்கம். திறந்தவர்களின் முகவரிப் பட்டியலில் இருந்த அத்தனை பேருக்கும் கடிதம் தானாகவே போனது. பெறுபவருக்கு அது அலுவலகத் தோழியிடமிருந்தோ மேலாளரிடமிருந்தோ வந்த காதல் கடிதம்; யார் திறக்காமல் இருப்பார்கள்? எழுதியவர் நமக்கு அக்கம்பக்கத்து மணிலாவைச் சேர்ந்த ஒரு மாணவர். அப்போது பிலிப்பைன்சில் இதைக் குற்றமாக்கும் சட்டமே இல்லாததால் வழக்கு நிற்கவில்லை. மலேசியாவில் கணினிக் குற்றச் சட்டம் 1997லேயே வந்துவிட்டது. இந்த விஷயத்தில் நாம் முந்திக்கொண்டோம் என்பதைச் சொல்லிக்கொள்ளலாம்.

வைரஸ், வோர்ம், ட்ரோஜன் என்ற மூன்றையும் நம்மவர்கள் வைரஸ் என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுவார்கள். அவற்றை யார் சுமந்து வருகிறார்கள் என்பதில்தான் வேறுபாடு. வைரஸ் இன்னொரு நிரலிலோ வட்டிலோ ஒட்டிக்கொண்டு பயணம் செய்யும். லாகூரில் கடை நடத்திய இரு சகோதரர்கள் 1986இல் எழுதிய பிரெய்ன் அப்படித்தான் ஃபிளாப்பி வட்டுகளில் ஊர் ஊராகப் போனது. வோர்முக்கு ஆள் துணை வேண்டாம். இணைப்பு இருந்தால் போதும், தானே அடுத்த கணினியைத் தேடிப் போகும். 2003 ஆகஸ்ட்டில் சைபர் கஃபே பக்கம் போனவர்களுக்கு பிளாஸ்டர் நினைவிருக்கலாம். கணினி 60 நொடியில் அணைந்துவிடும் என்று திரையில் எண்ணிக்கை ஓடும், அணையும், மீண்டும் ஏறி மீண்டும் அணையும். பிளாஸ்டர் நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் அதற்கு முந்திய மாதமே வெளியிட்டிருந்தது. கைப்பேசி அப்டேட் கேட்கும்போதெல்லாம் பிறகு பார்க்கலாம் என்று தள்ளுபவர்களுக்காக இதைச் சொல்கிறேன். ட்ரோஜன் மூன்றாவது வகை: நாமே கதவைத் திறந்து உள்ளே அழைத்துக்கொள்வது. கல்யாணப் பத்திரிகை இந்த வகை.

ரான்சம்வேர் என்பது உள்ளே வந்த பிறகு செய்யும் வேலையின் பெயர்: கோப்புகளைப் பூட்டிவிட்டுத் திறக்கப் பணம் கேட்பது. 2017 மே மாதம் பரவிய வான்னாக்ரை வோர்மாக ஓடி ரான்சம்வேராக வேலை செய்தது. 2025 மார்ச்சில் மலேசிய விமான நிலைய நிறுவனத்தின் கணினிகளைத் தாக்கியவர்கள் ஒரு கோடி அமெரிக்க டாலர் கேட்டதாகவும், தர மறுத்துவிட்டதாகவும் பிரதமர் அன்வார் இப்ராஹிமே மேடையில் சொன்னார். பெரிய இடத்து வழிப்பறி அது. நம் வீட்டுக் கணினியில் உள்ள பிள்ளைகளின் படங்களைக் காப்பாற்ற, இன்னொரு வட்டில் பிரதி எடுத்து அதைக் கழற்றி வைத்தால் பெருமளவு போதும்.

சுங்கைப்பட்டாணியிலும் அலோர்ஸ்டாரிலும் காணாமல் போகும் பணத்துக்கு வழி வேறு. அதற்குச் சரியான பாடம் 2022 ஏப்ரலில் ஈசெட் என்ற ஸ்லோவாக்கிய நிறுவனம் வெளியிட்ட ஆய்வில் இருக்கிறது. அது முழுக்க முழுக்க மலேசியக் கதை. வீட்டுத் துப்புரவுக்கு ஆள் அனுப்பும் நிறுவனங்கள், செல்லப்பிராணிக் கடை ஒன்று என உண்மையான வணிகங்களின் பெயரில் ஏழு போலி இணையத்தளங்கள். ஃபேஸ்புக்கில் விளம்பரம். தளத்தில் நேரடியாக எதையும் வாங்க முடியாது; கூகுள் பிளே பொத்தான் போன்ற ஒன்று இருக்கும். அதைத் தட்டினால் பிளே ஸ்டோருக்குப் போகாது, ஏபிகே இறங்கும். செயலியில் வேலைக்காரப் பெண்ணுக்கு நாள் குறித்துப் பணம் கட்டப் போனால் இரண்டு வழி காட்டும். கடன் அட்டை வழி வேலை செய்யாது. மிச்சமிருப்பது வங்கிப் பரிமாற்றம். அதைத் தட்டினால் நமக்குப் பழக்கமான எஃப்பிஎக்ஸ் இணையக் கட்டணப் பக்கம் போலவே ஒரு பக்கம், எட்டு மலேசிய வங்கிகளின் சின்னங்களோடு வரும். உங்கள் வங்கியைத் தேர்ந்தெடுத்துப் பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் தட்டினால், தவறு என்று சொல்லும். தவறு எதுவும் இல்லை. அவை போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போய்விட்டன.

ஆனால் வங்கி, கடவுச்சொல்லை மட்டும் நம்பிப் பணத்தை விடாதே, டேக் எண் கேட்குமே? அதற்காகத்தான் அந்தச் செயலி முன்பே எஸ்எம்எஸ் அனுமதி வாங்கி வைத்திருந்தது. வரும் எஸ்எம்எஸ் அத்தனையும் திருடனுக்குப் போய்க்கொண்டிருந்தன. ஓடிபி, டேக் என்று நாம் சொல்லும் ஒருமுறை எண்ணின் தத்துவம் எளியது: கடவுச்சொல் உங்களுக்குத் தெரிந்த ஒன்று, கைப்பேசி உங்கள் கையில் இருக்கும் ஒன்று, திருடனிடம் இரண்டும் சேர்ந்து இருக்காது என்ற நம்பிக்கை. கடவுச்சொல்லைத் தட்டுவதும் அதே கைப்பேசி, டேக் வருவதும் அதே கைப்பேசி என்றானபோது அந்த நம்பிக்கை உடைந்தது. 2022 செப்டம்பரில் பேங்க் நெகாரா, எஸ்எம்எஸ் வழி அனுப்பும் எண்ணைக் கைவிட்டு வேறு பாதுகாப்பான முறைக்கு மாறும்படி வங்கிகளுக்குச் சொன்னது. ஒரு கணக்குக்கு ஒரே சாதனத்தில் மட்டும் ஒப்புதல், புதிய சாதனத்தைப் பதிவு செய்தால் சில மணி நேரம் காத்திருப்பு என்பவையும் அப்போது வந்தவை. புதுக் கைப்பேசி வாங்கியவர்கள் வங்கிச் செயலி உடனே வேலை செய்யவில்லை என்று கவுண்டரில் சண்டை போடுவதைப் பார்க்கலாம். அந்தக் காத்திருப்பு யாரோ ஒருவரின் சேமிப்பைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது.

இனி ஐபோன்காரர்களும் கவனிக்க வேண்டிய பகுதி. ஃபிஷிங் என்பது போலிப் பக்கத்தைக் காட்டி நம் கையாலேயே விவரத்தைத் தட்ட வைப்பது. இதற்கு எந்த மூட்டையும் வேண்டாம், ஒரு இணைப்பு போதும். அரசு உதவித்தொகை எஸ்டிஆர் அறிவிக்கப்படும் போதெல்லாம் விண்ணப்பிக்க இங்கே தட்டுங்கள் என்று செய்திகள் பறக்கும். அவற்றில் உண்மை எது, போலி எது என்று கண்டுபிடிக்க முகவரியைப் படிக்கத் தெரிந்தால் போதும். நாம் தபால் முகவரி எழுதுவது நினைவிருக்கிறதல்லவா: லயத்து வீட்டு எண், இரண்டாம் டிவிஷன், தோட்டத்தின் பெயர், 08100 பீடோங், கெடா. சின்னது முதலில், பெரியது கடைசியில். கடைசி வரியைப் பார்த்தே கடிதம் எந்த மாநிலத்துக்குப் போகிறது என்று தபால்காரர் பிரிப்பார். இணைய முகவரியும் அப்படியே: முதல் சாய்கோடு வரும்வரை எடுத்துக்கொண்டு, வலப்பக்கத்திலிருந்து படிக்க வேண்டும். வருமான வரி வாரியத்தின் எஸ்டிஆர் தளத்து முகவரி ஹாசில் டாட் ஜிஓவி டாட் எம்ஒய் என்று முடிகிறது. டாட் எம்ஒய் என்பது மலேசியா. அதை நிர்வகிப்பது மைநிக். டாட் ஜிஓவி டாட் எம்ஒய் என்பதை அரசுத் துறைகளுக்கு மட்டுமே தருவார்கள். ஆனால் ஹாசில் டாட் ஜிஓவி டாட் எம்ஒய் டாட் உதவிநிதி டாட் காம் என்று ஒன்று வந்தால்? கண் முதலில் அரசுப் பெயரைத்தான் பிடிக்கும். வலப்பக்கத்திலிருந்து படித்தால், அது உதவிநிதி டாட் காம் என்ற யாரோ ஒருவரின் வீடு. முன்னால் உள்ள அரசுப் பெயர் அவர் தன் வீட்டு அறைக்கு மாட்டிய பலகை. அதை யாரும் மாட்டலாம். புள்ளிக்குப் பதிலாகக் கோடு போட்டிருந்தாலும் இதே கதைதான்.

பூட்டுச் சின்னம் இருந்ததே என்று சிலர் சொல்வார்கள். முகவரி எச்டிடிபிஎஸ் என்று தொடங்குவதற்கும் அந்தப் பூட்டுக்கும் ஒரே பொருள்: உங்கள் கைப்பேசிக்கும் அந்தத் தளத்துக்கும் நடுவே போகும் தகவலை இடையில் எவரும் படிக்க முடியாது. அந்தப் பக்கம் இருப்பவர் யோக்கியர் என்று பூட்டு சொல்லவே இல்லை. இப்போது அந்தச் சான்றிதழ் இலவசமாகவே கிடைக்கிறது, திருடனுக்கும் கிடைக்கிறது. மக்கள் இதைத் தவறாகவே புரிந்துகொள்கிறார்கள் என்று கண்டுதான் கூகுள் குரோம் 2023இல் முகவரிப் பட்டையிலிருந்த பூட்டை எடுத்துவிட்டது.

அடுத்தது அடையாள அட்டையின் ஐசி எண். நம் ஊரில் எல்லாவற்றுக்கும் ஐசி எண்தான். வங்கி, காப்புறுதி அனுப்பும் பிடிஎஃப்களைத் திறக்கக்கூட அந்த எண்ணோ அதன் ஒரு பகுதியோ கடவுச்சொல்லாக இருக்கும். அந்தப் 12 இலக்கங்களை ஒருமுறை பிரித்துப் பாருங்கள். முதல் ஆறு பிறந்த தேதி. அது ஃபேஸ்புக் வாழ்த்துகளில் கிடைக்கும். ஆண்டு தெரியாவிட்டால் பள்ளிக்கூட வகுப்புப் படத்தை வைத்துக் கணக்கிடலாம். அடுத்த இரண்டு பிறந்த மாநிலம்; கெடாவில் பிறந்தவர்களுக்குப் பெரும்பாலும் 02. கடைசி நான்கில் 10,000 வாய்ப்புகள். அதில் கடைசி இலக்கம் ஆணுக்கு ஒற்றை, பெண்ணுக்கு இரட்டை என்பதால் பாதி கழிந்து 5,000. ஒரு பிடிஎஃப்பைத் திருடியவனின் கணினி அத்தனையையும் போட்டுப் பார்க்க ஒரு வாய் காப்பி குடிக்கும் நேரம்கூட ஆகாது. மனிதர் யோசித்தால் நீளமாகத் தெரியும் எண், கணினிக்கு நீளமே இல்லை. நல்ல கடவுச்சொல்லுக்கு நீளமும் வேண்டும், நம்மைத் தெரிந்தவர் ஊகிக்க முடியாத தன்மையும் வேண்டும். தொடர்பில்லாத நான்கைந்து சொற்களைக் கோத்தால் இரண்டும் கிடைக்கும். ஒரே கடவுச்சொல்லை எல்லாத் தளத்திலும் வைத்தால், ஏதோ ஒரு சின்னத் தளம் கசிந்த அன்றே மின்னஞ்சலும் சேர்ந்து போகும்.

கசிவு என்றால் 2017ஐ மறக்க முடியாது. அந்த ஆண்டு அக்டோபரில் லோயட் இணையத்தளம் வெளிக்கொண்டுவந்த செய்தி: மலேசியக் கைத்தொலைபேசிச் சந்தாதாரர்களின் 4 கோடியே 62 லட்சம் பதிவுகள் வெளியே விலைக்கு வந்துவிட்டன. நாட்டின் மக்கள்தொகை அப்போது சுமார் 3 கோடியே 20 லட்சம். எண், பெயர், முகவரி, ஐசி எல்லாம் அதில் இருந்தன. எனவே தொலைபேசியில் ஒருவன் உங்கள் முழுப் பெயரையும் ஐசி எண்ணையும் தோட்டத்து முகவரியையும் பிசகாமல் ஒப்பித்துவிட்டு, நான் புக்கிட் அமான் போலீஸ், உங்கள் பெயரில் வழக்கு இருக்கிறது என்றால், அவன் போலீஸ் என்பதற்கு அது ஆதாரமே அல்ல. பட்டியல் வாங்கியவன் என்பதற்கு வேண்டுமானால் ஆதாரம். மெக்காவ் மோசடி என்று நாம் அழைப்பது இந்தப் பயமுறுத்தலைத்தான். பால் மரம் வெட்டி, 55 வயதில் ஊழியர் சேமநிதிப் பணத்தை மொத்தமாக எடுத்து வங்கியில் போட்டுவைத்திருப்பவர்களுக்கு இது பெரும் ஆபத்து. போலீஸ் என்ற சொல்லுக்கே எழுந்து நின்று பழகிய தலைமுறை அது. பணத்தைப் பாதுகாப்பான கணக்குக்கு மாற்றச் சொல்லி மலேசியாவில் எந்தப் போலீசும் எந்த நீதிமன்றமும் தொலைபேசியில் கேட்பதில்லை. இதைப் பிள்ளைகள் ஒருமுறையாவது தாத்தா பாட்டியின் அருகில் உட்கார்ந்து சொல்ல வேண்டும்.

தவறுதலாக ஏபிகேயை நிறுவிவிட்டால் முதலில் இணையத்தை நிறுத்துங்கள். விமானப் பயன்முறையைத் தட்டி வைஃபையையும் அணைத்தால் செயலியால் வெளியே பேச முடியாது. பிறகு இன்னொரு கைப்பேசியிலிருந்து வங்கியையோ 997ஐயோ அழையுங்கள். 997, 2022 அக்டோபரில் தொடங்கிய தேசிய மோசடி எதிர்ப்பு மையத்தின் எண். போலீஸ், பேங்க் நெகாரா, தொடர்பு பல்லூடக ஆணையம், வங்கிகள் எல்லாம் அதில் சேர்ந்து வேலை செய்கின்றன. வெட்கப்பட்டு மறுநாள் காலை வரை காத்திருப்பதுதான் திருடனுக்கு நாம் தரும் இரண்டாவது பரிசு. பணம் உங்கள் கணக்கிலிருந்து நேராக அவன் பைக்குப் போவதில்லை. முதல் கணக்கு, அங்கிருந்து துண்டு துண்டாக நாலைந்து கணக்கு, பிறகு ஏடிஎம்மில் ரொக்கம் என்று ஓடுகிறது. ஓடிக்கொண்டிருக்கும்போது மட்டுமே அதை நிறுத்த முடியும்.

அந்த நடுக்கணக்குகளுக்கு மலாயில் பெயர் அக்காவுன் கெல்டாய், கழுதைக் கணக்கு. வைத்திருப்பவர்களில் பலர் வேலையில்லாத இளைஞர்கள், மாணவர்கள். ஏடிஎம் அட்டையையும் அதன் எண்ணையும் சில நூறு ரிங்கிட்டுக்கு வாடகைக்குக் கொடுத்தவர்கள். யாரோ கேட்டார்கள், கொடுத்தேன், எனக்கு எதுவும் தெரியாது என்பார்கள். 2024இல் தண்டனைச் சட்டம் திருத்தப்பட்டு, தன் கணக்கையோ அட்டையையோ இப்படிப் பிறர் கையில் கொடுப்பதே தனிக் குற்றமாகிவிட்டது. பணம் அனுப்பும் முன் ஒரு கணக்கு அப்படிப்பட்டதா என்று பார்க்க, போலீசாரின் செமாக் மியூல் தளத்தில் வங்கிக் கணக்கு எண்ணையோ தொலைபேசி எண்ணையோ தட்டலாம். ஏற்கனவே புகார் பதிவான எண்கள் மட்டுமே அதில் வரும். நேற்று திறந்த கணக்கை யாரும் இன்னும் புகார் செய்திருக்க மாட்டார்கள். அது சுத்தமாகவே தெரியும்.